கூச்சல் முந்தும், கோல் பிந்தும்

1983 ஜூன் 25. லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் கடைசி விக்கெட்டாக மைக்கல் ஹோல்டிங், மொஹிந்தர் அமர்நாத்தின் பந்தில் எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழந்தார். 183 ஓட்டங்களுக்குள் சுருண்டிருந்த இந்தியா, உலகச் சம்பியன்களை 140க்குள் மடக்கிக் கிண்ணத்தைத் தூக்கியது. யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவில் அப்போது நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. சிற்றலை வானொலியின் குமிழை மயிரிழை அளவாகத் திருப்பித் திருப்பி, இரைச்சலுக்குள்ளால் வர்ணனையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த விக்கெட் விழுந்த செய்தி அவருக்கு எவ்வளவு பிந்திக் கிடைத்திருக்கும்?

கணக்கு எளிது. லண்டனிலிருந்து நெடுந்தீவு ஏறத்தாழ 8,500 கிலோமீற்றர். சிற்றலை, அயன மண்டலத்துக்கும் தரைக்குமிடையே மோதி மோதி வருவதால் தூரம் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் அது ஒளியின் வேகத்தில் வருகிறது. ஒரு செக்கனின் நூறில் மூன்று பங்கு போதும். அதே நேரத்தில் ஒலி காற்றில் பத்து மீற்றர்தான் போகும். அதாவது வர்ணனையாளர் ஒலிவாங்கிக்குள் சொன்ன சொல், மைதானத்தில் அவரிடமிருந்து இருபது மீற்றர் தள்ளி இருந்தவரின் காதை எட்டுவதற்கு முன்பே நெடுந்தீவு முற்றத்துக்கு வந்துவிட்டது. இடையில் எங்காவது ஒரு செய்மதியில் ஏறி இறங்கி வந்திருந்தாலும் கால் செக்கன்தான் கூடியிருக்கும்.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இரைச்சல் போய்ப் படம் வந்தது. கறுப்பு வெள்ளை நிறமானது. சட்டைப் பைக்குள் மைதானமே வந்தது. ஒன்று மட்டும் பின்னுக்குப் போனது: நேரம். இன்று நயினாதீவில் போனில் உலகக் கிண்ணம் பார்ப்பவர், 1983இல் வானொலி கேட்டவரைவிட ஆயிரம் மடங்கு பிந்திய ஆட்டத்தைப் பார்க்கிறார். இது எப்படி நடந்தது என்பதைத் தீவுப் பகுதியின் கூரைகளையும் கடற்கரைகளையும் வைத்தே சொல்லிவிடலாம். அலைகளைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல ஆய்வுகூடம் நான் காணவில்லை.

முதலில் கூரைக்குப் போவோம்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியிலிருந்து ஒளிபரப்பினால் தீவு முழுவதும் தெரியும் என்பது எண்ணம். ஆனால் 2,524 மீற்றர் உயரமுள்ள அந்த மலை நெடுந்தீவிலிருந்து சுமார் 300 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், தூரதர்ஷனின் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கும் கொடைக்கானலோ சுமார் 250 கிலோமீற்றர். சொந்த நாட்டு மலையைவிட அடுத்த நாட்டு மலை கிட்ட. எண்பதுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் அன்ரனாக்கள் பல, கொழும்பைப் பாராமல் மேற்கைப் பார்த்து நின்றதற்கு அரசியலைக் காரணம் சொன்னவர்கள் உண்டு. படம் தெளிவாக வரும் பக்கம் அன்ரனா திரும்பும் என்பதே முதற்காரணம். பழைய தமிழ்ப் படம் இரண்டாவது காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சி அலை சிற்றலையைப் போல அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பாது. அது கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்குப் பிறகு அலை தலைக்கு மேலால் வானத்துக்குப் போய்விடும். அந்தத் தூரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் கிடைக்கும். பார்ப்பவரின் அன்ரனாவுக்கும் அதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். கொடைக்கானல் கோபுரத்தைக் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றர் என்று கொண்டால் 190 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. நெடுந்தீவில் பத்து மீற்றர் குழாயில் அன்ரனா கட்டினால் இன்னும் 13. மொத்தம் 205. வேண்டியது 250. நாற்பத்தைந்து கிலோமீற்றர் இடிக்கிறது. கணக்குப்படி படம் வரவே கூடாது.

ஆனால் வந்தது. சில மாதங்களில் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. சில நாட்களில் வெறும் புள்ளிமழை. மாலையில் நன்றாக இருந்தது, ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துக் கரைந்து போகும். ஒருவர் கூரையில், ஒருவர் முற்றத்தில், ஒருவர் ரிவிக்கு முன்னால்.

"தெரியுதோடா?"

"இல்லை அண்ணை, இன்னும் கொஞ்சம் மேற்கால திருப்புங்கோ."

"இப்ப?"

"வருது, வருது... ஐயோ, போட்டுது!"

கூரையில் நின்ற அண்ணையில் ஒரு பிழையும் இல்லை. பிழை பாக்குநீரிணைக்கு மேலே இருந்த காற்றில். காற்று எல்லா உயரத்திலும் ஒரே அடர்த்தி இல்லை. மேலே போகப்போக அடர்த்தியும் ஈரமும் குறையும். அடர்த்தி மாறும் இடத்தில் அலை வளையும். ஒளிமுறிவு என்று பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக் குற்றியை வைத்துப் படித்தோமே, அதேதான். சாதாரண நாளில் இந்த வளைவு சிறிது. மேலே சொன்ன 4.1 என்ற எண்ணுக்குள் அது ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டு நிலத்தில் காய்ந்து சூடேறிய காற்று, கடலுக்கு மேல் வந்து, கடலை ஒட்டிய ஈரமான குளிர்ந்த காற்றின் மேலே விரிந்து படுத்தால் கதை மாறும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈரம் திடீரென்று குறைகிறது. அங்கே போய்ப் பட்ட அலை கீழ்நோக்கி நன்றாக வளைந்து கடலுக்குத் திரும்புகிறது, கடலில் பட்டு மீண்டும் எழுகிறது, மீண்டும் வளைகிறது. வாய்க்காலுக்குள் விட்ட தண்ணீரைப் போல அலை அந்த அடுக்குக்குள்ளேயே ஓடிப் பூமியின் வளைவைத் தாண்டிவிடும். காற்று மாறி அடுக்குக் குலைந்ததும் வாய்க்கால் உடைந்தது, படம் போனது. கடலுக்கு மேலே இப்படி அடுக்கு உருவாவது தரையைவிடச் சுலபம். அதனால்தான் தீவுக்காரருக்கு இந்த அதிர்ஷ்டமும் இந்த எரிச்சலும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வாய்த்தன.

பின்னாளில் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரத்தில் தூரதர்ஷன் கோபுரம் எழும்பியபோது இந்தச் சூதாட்டம் முடிந்தது. அதே கைக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 74 கிலோமீற்றர் வருகிறது. நெடுந்தீவு அங்கிருந்து ஏறத்தாழ 50. கோபுரத்தின் உச்சியும் நெடுந்தீவு அன்ரனாவும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் தூரம்.

அந்த மீன்முள் அன்ரனாவையும் விட்டுவிட மனமில்லை. 1926இல் ஜப்பானின் செண்டாயில் ஹிடெட்சுகு யாகி, ஷின்டாரோ உடா என்ற இருவர் கண்டுபிடித்தது. கம்பிகளில் ஒன்றுக்கு மட்டும்தான் வயர் கொடுக்கப்படும்; மற்றவை சும்மா நிற்பவை. ஆனால் அந்தச் சும்மா நிற்கும் கம்பிகளில் அலை பட்டு, அவை மறுபடி வீசும் அலைகள் ஒரு திசையில் ஒன்றை ஒன்று கூட்டியும் மறு திசையில் அழித்தும் விடுகின்றன. வயர் கொடுத்த கம்பியின் நீளம் அலைநீளத்தின் பாதி. 200 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு முக்கால் மீற்றர். முன்னால் நிற்பவை கொஞ்சம் கட்டை, பின்னால் நிற்பது கொஞ்சம் நெட்டை. காகம் குந்தி ஒரு கம்பி வளைந்தால்கூட லோர்ட்ஸ் மங்கும்.

1990இல் வடக்கில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. கேட்பதற்கும் பார்ப்பதற்கும் அலை வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பிடிக்கும் பெட்டிக்குத்தான் தீனி இல்லை. அப்போது யாழ்ப்பாணம் செய்த வேலை எந்தப் பௌதிகவியல் பாடநூலிலும் ஒரு பக்கம் பெறத் தகுதியானது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அல்லது ஸ்ராண்டில் விட்டு, டைனமோவை ரயரில் சாய்த்து, பெடலைக் கையால் அல்லது காலால் சுற்றி வானொலி கேட்டார்கள். செய்தி கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள், வர்ணனையும் கேட்டார்கள்.

சைக்கிள் டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் மட்டுமே. 1831இல் பரடே கண்டது: சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கம்பியில் மின் எழும். வழக்கமான டைனமோ 6 வோல்ற், 3 வாற். நான்கு பென்ரோச் பற்றரி போடும் சின்ன வானொலிக்கு அரை வாற் கூடத் தேவையில்லை. ஆக மின் தாராளம். சிக்கல் வேறிடத்தில். டைனமோ தருவது ஆடலோட்டம். செக்கனுக்குச் சில நூறு தடவை திசை மாறும். வானொலிக்குத் தேவை நேரோட்டம். டயோட்டுகள் ஒரு திசையை மட்டும் விடும்; பெரிய கொள்ளளவி ஒன்று மேடுபள்ளத்தை நிரவும். கொள்ளளவி சிறிதானால் வர்ணனைக்குப் பின்னால் ஒரு 'ம்ம்ம்' கேட்கும். பெடல் சுற்றும் வேகம் கூடக்கூட அந்த ஓசையின் சுருதியும் ஏறும். எனவே மிதிப்பவரின் பரபரப்பு வானொலியிலேயே கேட்கும்.

பரபரப்பில் வேகமாக மிதித்தால் வானொலி எரிந்துவிடாதா என்று கேட்கலாம். இங்கே சுருள் தன்னைத்தானே கட்டுப்படுத்துகிறது. வேகம் கூடினால் வோல்ற் கூட முயலும். ஆனால் மீடிறனும் சேர்ந்து கூடுகிறது, கூடிய மீடிறனுக்குச் சுருள் காட்டும் தடையும் கூடுகிறது. இரண்டும் ஈடாகி, ஓட்டம் அரை அம்பியரைத் தாண்டாமல் நின்றுவிடும். சைக்கிள் விளக்குக்காக இருந்த இந்தக் குணம் முழுப் பாதுகாப்பு இல்லை. வானொலி கொஞ்சமாகவே உறிஞ்சுவதால் வோல்ற் மேலே ஏறப் பார்க்கும், அதைக் கட்டுப்படுத்தவும் கைவைத்தியம் பார்த்தார்கள். மெதுவாக மிதித்தாலோ குரல் கம்மி, பிறகு செத்துவிடும். கடைசி ஓவரில் களைத்துப்போன ஒரு பொடியனின் கால் முழு ஊரின் எரிச்சலையும் வாங்கியிருக்கும்.

தொலைக்காட்சிக்கு இது சரிவராது. பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று 36 வாற் எடுக்கிறது என்றால் பன்னிரண்டு சைக்கிள் ஒன்றாக மிதிக்க வேண்டும். ஒருநாள் போட்டியோ ஏழு எட்டு மணி நேரம். மனிதக் காலால் அந்த வலுவைத் தர முடியும், 75 வாற் வரை ஒரு சாதாரண ஆள் தொடர்ந்து மிதிப்பார். அந்தச் சின்ன டைனமோவால்தான் வாங்க முடியாது. எனவே படம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் வாகன பற்றரியையும், பெற்றோலில் உயிர் கொடுத்து மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஜெனரேற்றரையும் நம்பினார்கள்.

1996 மார்ச் 17 லாகூர் இறுதிப் போட்டி இந்தக் காலத்தில்தான் வந்தது. அவுஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 241, இலங்கை 46.2 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 245. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107, அதற்கு முன் மூன்று விக்கெட், இரண்டு பிடி. ஒரு மனிதன் ஒரு நாளில் இதைவிடக் கூடச் செய்ய இடமில்லை. முரளிதரன் பத்து ஓவரில் 31 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட். கொழும்பு வெடி கொளுத்தியது. யாழ்ப்பாணத்துச் சனத்தில் பெரும்பகுதி 1995 ஒக்டோபர் 30 இரவு வீடுவாசலை விட்டுத் தென்மராட்சியிலும் வன்னியிலும் கிடந்தது. எந்த நாட்டின் வெற்றி, யாருக்காகக் கைதட்டுவது என்ற கேள்விக்கு அங்கே நேரான பதில் இருக்கவில்லை. அரவிந்தவின் கவர் டிரைவை ரசிக்கப் பதில் தேவைப்படவும் இல்லை. 2011 ஏப்ரல் 2இல் மும்பையில் இந்தியாவும் இலங்கையும் மோதியபோதும் வடக்கில் பல வீடுகள் இரண்டுபட்டன. முரளிக்கு அதுவே கடைசி ஒருநாள் போட்டி. டோனியின் சிக்ஸருக்குத் துள்ளிய அதே ஆள் முரளிக்காகத் துக்கப்பட்டதும் உண்டு.

இனிச் செய்மதித் தட்டு. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றரில் நிற்கும் செய்மதி, பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றுவதால் அசையாமல் தொங்குவதாகத் தெரியும். தீவுப்பகுதி பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால், நம் தேசாந்திரத்துக்கு அருகே நிற்கும் செய்மதியைப் பிடிக்கத் தட்டு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். இந்தியச் செய்மதி ஒன்று இங்கே தரையிலிருந்து எழுபது பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் இதேமாதிரித் தட்டுகள் அடிவானப் பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஏறிக் கீழே இறங்கக் கால் செக்கன். மதிலும் மரமும் மறைக்காது, பூமியின் வளைவும் பிரச்சினை இல்லை. கூரை அண்ணைக்கு ஓய்வு.

மழைக்குத்தான் பயம். தட்டுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் மட்டில். பெருமழைத் துளியின் பருமன் இதற்குக் கிட்டிய அளவை நோக்கி வரும்போது அலை உறிஞ்சப்பட்டும் சிதறியும் போகும். யாழ்ப்பாணத்தின் பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கட்டாரில் நடந்த உதைபந்தாட்ட உலகக் கிண்ணமோ, வெயிலுக்குப் பயந்து 2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை வைக்கப்பட்டது. குரோஷியா 117ஆவது நிமிடத்தில் சமன் செய்து பிறகு தண்ட உதையில் பிரேசிலை வெளியேற்றிய டிசம்பர் 9 இரவுதான் மாண்டஸ் புயல் வங்கக் கடலால் வந்து மாமல்லபுரம் அருகே கரை ஏறியது. கால்பந்துச் சம்மேளனம் கட்டாரின் வெயிலைத்தான் யோசித்தது, வாடைக்காற்றை யார் யோசிப்பது.

செய்மதித் தட்டின் கால் செக்கனுடன் நிற்காமல், படத்தைச் சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் இன்னும் சில செக்கன் போகும். இலக்கமுறைப் படத்தில் ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. முந்தியதற்கும் பிந்தியதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அனுப்புகிறார்கள். வித்தியாசம் கணிக்கப் பிந்தியது வரும்வரை காத்திருக்க வேண்டுமே! மொத்தம் ஐந்து செக்கன் என்று வைத்துக்கொள்வோம்.

போனில் வரும் தாமதம் இன்னும் சுவாரசியமானது. தூரத்தைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். டோஹாவிலிருந்து கொழும்புக்குக் கடலடிக் கேபிள் ஐயாயிரம் கிலோமீற்றர் சுற்றி வந்தாலும் நாற்பதில் ஒரு செக்கன். கொழும்பிலிருந்து நெடுந்தீவுக் கோபுரம்வரை அதையும் விடக் குறைவு. தாமதம் வழியில் இல்லை, கட்டி அனுப்பும் முறையில் இருக்கிறது. இணையத்தில் படத்தை ஆறாறு செக்கன் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டு முழுதாக முடிந்த பிறகே அது புறப்படும். உங்கள் போன் உடனே காட்டாது. வலையமைப்பு இடையில் சறுக்கினால் படம் உறையக்கூடாதே என்று இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் தொடங்கும். நடுவழியில் படத்தை வெவ்வேறு தரங்களில் மறுபடி சுருக்குவதும், பல களஞ்சியங்களில் பிரதி வைப்பதும் உண்டு. எல்லாம் சேர்ந்து முப்பது, நாற்பது செக்கன். கடலுக்கு நடுவில் சிக்னல் ஏறி இறங்கும் இடத்தில் போன் தாராளமாகச் சேர்த்து வைக்கும். சுழலும் வட்டத்தைப் பார்ப்பதைவிடப் பிந்தியது மேல் என்பது அதைச் செய்தவர்களின் முடிவு. தனியாகப் படுத்துக் கிடந்து பார்ப்பவருக்கு அது சரிதான். ஊரோடு இருந்து பார்ப்பவரைப் பற்றி அவர்கள் நினைக்கவில்லை.

கட்டார் உலகக் கிண்ணத்தில் பந்துக்குள்ளேயே ஒரு உணரி இருந்தது; செக்கனுக்கு 500 தடவை பந்தின் அசைவை நடுவர் அறைக்குச் சொன்னது. போர்த்துக்கல் உருகுவேக்கு அடித்த கோல் ரொனால்டோவின் தலையில் பட்டதா இல்லையா என்ற சச்சரவையும் அந்த உணரியே தீர்த்து வைத்தது: படவில்லை. பந்து பேசுவது ஆயிரத்தில் இரண்டு செக்கனுக்கு ஒருமுறை. இரசிகன் கேட்பது அரை நிமிடம் கழித்து.

இறுதிப் போட்டி இரவைப் பார்ப்போம். டிசம்பர் 18, இலங்கை நேரம் இரவு 8.30க்குத் தொடக்கம். 80ஆவது நிமிடத்தில் எம்பாப்பே தண்ட உதையில் ஒரு கோல், அதற்கு 97 செக்கன் கழித்து இரண்டாவது. ஒரு வீட்டில் செய்மதித் தட்டு, பக்கத்து வீட்டில் போன். போன் நாற்பது செக்கன் பிந்தி ஓடுகிறது என்று கொள்ளுங்கள். தட்டு வீட்டிலிருந்து இரண்டாவது ஆர்ப்பரிப்புக் கிளம்பும்போது, போனில் முதல் கோல் விழுந்து ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். மெஸ்ஸியிடமிருந்து கோமன் பந்தைப் பறிப்பது அந்தத் திரையில் இன்னும் நடக்கவே இல்லை. ஆர்ஜென்ரீனா ஆதரவாளர் ஒருவர் 2-1 என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், மதிலுக்கு அப்பால் 2-2.

மதிலை விடுவோம், கடலைத் தாண்டிப் பார்ப்போம். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவு ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்பது செக்கன். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர் வரும் என்ற கணக்கேதான். தட்டு வீட்டுப் படம் ஐந்து செக்கன் பிந்தியது, அங்கே கொளுத்திய வெடியின் சத்தம் கடல் கடக்க இன்னும் ஒன்பது, மொத்தம் பதினான்கு. கையிலிருக்கும் போனுக்கு நாற்பது. செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடும் அலையை, செக்கனுக்கு முந்நூற்றைம்பது மீற்றர்கூட ஓடாத சீனவெடிச் சத்தம் இருபத்தாறு செக்கன் வித்தியாசத்தில் வெல்கிறது.

வெடி கேட்குமா என்பது காற்றைப் பொறுத்தது. இங்கேதான் கொடைக்கானல் திரும்ப வருகிறது. கடலை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து, மேலே இளஞ்சூடாக இருந்தால் ஒலியும் கீழ்நோக்கி வளையும். வானத்துக்குப் போக வேண்டிய சத்தம் அடுத்த கரையில் வந்து இறங்கும். தூரதர்ஷனைக் கடத்திய அதே வகை அடுக்குத்தான், அங்கே ஈரம் செய்த வேலையை இங்கே வெப்பநிலை செய்கிறது. அமைதியான இரவில் அக்கரை நாய் குரைப்பது இக்கரையில் கேட்பது இதனால். காற்றுத் திசையும் உண்டு. காற்றின் போக்கில் போகும் சத்தம் கீழே வளையும், எதிர்த்துப் போவது மேலே எழுந்துவிடும். நயினாதீவு புங்குடுதீவுக்கு மேற்கே இருக்கிறது. டிசம்பரில் வடகிழக்கு வாடை வீசும்போது புங்குடுதீவின் சத்தம் நயினாதீவுக்குச் சுலபமாகப் போகும். நயினாதீவின் சத்தம் புங்குடுதீவுக்கு வரச் சிரமப்படும். தென்மேற்குச் சோளகம் வீசும் மாதங்களில் இது தலைகீழ். உலகக் கிண்ணம் எந்த மாதம் என்பதைப் பொறுத்து, எந்தத் தீவு எந்தத் தீவின் ஆட்டத்தைக் கெடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

முடிவு முன்பே தெரிந்தால் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? கதைகளில் அப்படி இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2011இல் செய்த ஆய்வில், முடிவை முன்பே தெரிந்து சிறுகதை படித்தவர்கள் கூடுதலாகவே ரசித்ததாகத் தெரிந்தது. போட்டி அப்படியல்ல என்று நினைக்கிறேன். கதையில் முடிவு தெரிந்தாலும் மொழி மிச்சம் இருக்கும். ஆட்டத்தில் நிச்சயமின்மைதான் சரக்கு. நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் நரம்பணுக்களை அளந்தபோது, எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு சைகை வரும் என்று பழகிய பிறகு, சைகைக்குத்தான் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. பக்கத்து வீட்டுக் கூச்சல் அந்தச் சைகை. மூளை கோலைக் கூச்சலிலேயே கொண்டாடி முடித்துவிடுகிறது. நாற்பது செக்கன் கழித்து வரும் கோலுக்கு மிச்சமிருப்பது சரிபார்க்கும் வேலைதான்.

அந்த நிச்சயமின்மை உடம்பையும் ஆட்டும். 2006 உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் வட்டாரத்தில் சேர்த்த தரவுகளின்படி, ஜெர்மன் அணி ஆடிய நாட்களில் அவசர இருதய நோயாளிகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிட 2.66 மடங்காக இருந்தது. ஆட்டம் தொடங்கி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அதிகம். தண்ட உதைவரை போகும் ஆட்டத்தைத் தீவில் பார்க்கும் இருதய நோயாளிக்கு ஒரு சொல்: அந்த நேரத்தில் நெஞ்சு வலித்தால் வைத்தியசாலைக்குப் படகு ஏற வேண்டிவரும். மாத்திரையை முதலே போட்டுவிட்டு இருங்கள்.

பிந்துவதைக் குறைக்க வழிகள் உண்டு. துண்டுகளை இரண்டு செக்கனாக்கலாம், துண்டு முடியுமுன்பே அனுப்பத் தொடங்கலாம், செய்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே அளவு பிந்துவதுதான் முக்கியம், குறைவாகப் பிந்துவது அல்ல. முழு ஊருக்கும் ஒரே தாமதம் என்றால் யாருக்கும் தாமதம் இல்லை. கூரை அன்ரனாக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஊர் முழுக்க ஒரே கணத்தில் பார்த்ததற்கு மின்நிலையங்களே சாட்சி: 1990 ஜூலை 4இல் இங்கிலாந்து, மேற்கு ஜெர்மனியிடம் அரையிறுதியில் தோற்று ஆட்டம் முடிந்ததும், பிரித்தானியா முழுவதும் ஒரே நேரத்தில் கேத்திலைப் போட்டதில் மின்தேவை 2,800 மெகாவாற் எகிறியது. தேசிய மின்வலையோடு சேராமல் டீசல் ஜெனரேற்றரில் ஓடிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற இடங்களில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. சின்ன வலையில் நூறு ரிவி ஒன்றாக எழுந்தாலே ஜெனரேற்றர் உணரும். இந்த மூன்று தீவுகளுக்கும் சூரியன், காற்று, பற்றரி கலந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் எழுதப்பட்டது.

புலம்பெயர்ந்த உறவுகள் இன்னொரு சிக்கல். புங்குடுதீவார் பாரிசிலும் சுவிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள், ஆட்டம் பார்க்கும்போது அழைப்பில் இருப்பார்கள். பேச்சு துண்டாக வெட்டப்படுவதில்லை. வந்தபடி போகும், கால் செக்கன் அளவுதான் பிந்தும். 2026 உலகக் கிண்ணத்துக்கு ரொறன்ரோவும் ஒரு களம். மைதானத்துக்குள் இருக்கும் சித்தப்பா "அடிச்சிட்டான்!" என்று போனுக்குள் கத்தினால், புங்குடுதீவில் அந்தச் சத்தம் படத்துக்கு அரை நிமிடம் முன்னே வந்துவிடும். "சித்தப்பா, சொல்லாதேங்கோ!" என்பதற்கு அவருக்குக் காது கேளாது.

மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் ஒன்றின் வேலையை 2025 செப்டெம்பர் 1இல் ஜனாதிபதி தொடக்கிவைத்தார். கண்டலும் சதுப்பும் உள்ள இடத்தில் இது தேவையா என்று சூழலியலாளர்கள் கேட்கிறார்கள்; நியாயமான கேள்விதான். கட்டி முடிந்து ஆட்டம் நடந்தால், குருநகர்க் கரையிலிருந்து மைதானம் மூன்று நான்கு கிலோமீற்றர் தான். ஒரு விக்கெட் விழுந்த ஆரவாரம் நீரேரியைத் தாண்டப் பத்துப் பன்னிரண்டு செக்கன். கரையில் நிற்பவரின் போனில் அதே விக்கெட் விழ அரை நிமிடத்துக்கு மேல். வாடைக் காலத்தில் போட்டி வைத்தால் ஆரவாரம் எதிர்ப்பக்கம், கடலுக்குப் போய்விடும்; குருநகர்க்காரர் போனை நம்பி நிம்மதியாகப் பார்க்கலாம். சோளகத்தில் வைத்தால் காதைப் பொத்திக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.